பூதத்துக்குக் கூலி

நம் படமுதலாளிகள் மேல் ஒரு பிராது கொடுக்க வேண்டும். கட்சிக்காரர், பூதம்.

1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜனான எஸ்.வி. ரங்காராவ் கல்யாணச் சமையலையாவது வயிறாரச் சாப்பிட்டார். 1967-இல் 'பட்டணத்தில் பூதம்' படத்தில் ஜாவர் சீதாராமன் என்னத்தைக் கண்டார்? ஜாடிக்குள் நெடுங்காலச் சிறை. வெளியே வந்ததும் ஏவல். அந்தப் பூதத்துக்குக் கூலி உண்டா? ஞாயிற்றுக்கிழமை உண்டா?

பரளச்சிச் சீமைக்கு வந்து பாருங்கள். மழை பொய்த்தால் மனுஷனுக்கே கஞ்சி கிடையாது. ஆனாலும் எல்லை காக்கிற முனிக்குப் பொங்கலும் சேவலும் சுருட்டும் தந்தாக வேண்டும். தவறினால் கனவில் வந்து மிரட்டுவார். கேட்டு வாங்கத் தெரிந்த சாமி!

சினிமா பூதத்துக்குக் கேட்கத் தெரியாது. கொட்டகையில் நாம் கைதட்டுவது அதன் மந்திரத்துக்கா? கூலி கேட்காத அதன் பணிவுக்குத்தான் என்பேன். கொத்தடிமையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1976-இல். அதற்குப் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்க வேண்டியிருந்தது. வாங்கிய முன்பணமே அவர்களை அடைத்த ஜாடி.

அடுத்த படத்தில் பூதம் சம்பளம் கேட்கட்டும். அப்போது கொட்டகையில் எத்தனை கை தட்டுகிறது என்று எண்ணிப் பார்ப்போம்.