மெலியும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டலாமா?

தீவனத்தில் குறை வைக்கவில்லை. குடற்புழு நீக்கமும் செய்தாயிற்று. ஆனாலும் இரண்டாம் ஈற்று மாடு விடாமல் கழிகிறது, பால் வற்றுகிறது, எலும்பு தெரிய மெலிகிறது. இப்படிப்பட்ட மாட்டை என்ன செய்கிறோம்? வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுகிறோம். அதை வாங்கிப் போகிறவரும் நம்மைப் போன்ற ஒரு விவசாயிதான்.

இதற்கு ஜோனிஸ் நோய் காரணமாக இருக்கலாம். காசநோய்க் கிருமியின் குடும்பத்தில் பிறந்து, ஆனால் காசநோயை உண்டாக்காத ஒரு மைக்கோபாக்டீரியம் தரும் நோய் இது. சாணம் பட்ட மடி, பால், தண்ணீர் வழியாகக் கன்றுப் பருவத்திலேயே தொற்றிவிடும். வெளியே தெரிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். வெள்ளாடுகளில் கழிச்சல் இல்லாமலே மெலிவு மட்டும் தெரியலாம். குணப்படுத்தும் மருந்து இல்லை.

இக்கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டறிய மாதக்கணக்கில் ஆகும். பறவைக் காசநோய்க் கிருமியோ இதற்கு உடன்பிறப்பு மாதிரி, பிரித்தறிவது சிரமம். 2005-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், மாட்டிலிருந்து எடுத்த இக்கிருமியின் மரபணுத் தொகுதியில் உள்ள சுமார் 48 லட்சம் எழுத்துகளையும் வரிசைப்படுத்தி வெளியிட்டனர். இக்கிருமிக்கே உரிய மரபணுத் துண்டுகள் தெளிவாயின. சாணத்திலும் பாலிலும் அவற்றைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அது வலுச் சேர்த்தது. மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டு ஆட்டில் கண்ட ரகத்தைக் கொண்டு தடுப்பூசியே உருவாக்கியிருக்கிறது. அந்த ரகத்தின் மரபணு வரிசையும் வெளியாகியுள்ளது.

இவ்வளவு அறிவும் கிராமத்துக் கால்நடை மருந்தகத்துக்கு வந்து சேர வேண்டாமா? சாண மாதிரியைக் கொடுத்தால் மாவட்ட அளவிலேயே, செலவில்லாமல் முடிவு கிடைக்க வேண்டும். நோய் உறுதியான மாட்டைக் கழிப்பவருக்கு இழப்பீடும் வேண்டும். நஷ்டம் முழுவதையும் விவசாயி தலையில் கட்டினால், அவர் சந்தைக்குத்தான் போவார். நோயும் அவர் கூடவே போகும்.

நான் பயிர் ஆய்வாளன். ஆனாலும் தொழுவத்துச் சாணம் வயலுக்குத்தானே வருகிறது! நிழலான இடத்தில் இக்கிருமி ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். எனவே தீவனப் பயிருக்குப் பச்சைச் சாணம் போட வேண்டாம்; நன்கு மட்கிய எருவே போடுங்கள். கன்றுகளைப் பெரிய மாடுகளின் சாணம் படாத இடத்தில் கட்டுங்கள். நாள்பட்டுக் கழியும் மாட்டை விற்கும் முன், கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். நாளை சந்தையில் மாடு வாங்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம்.