கேட்கத் தெரியாதவர்களா பெண்கள்?

ஐ.டி. துறையில் பெண்களுக்குச் சம்பளம் ஏன் குறைவு என்று கேட்டால், 'அவர்கள் பேரம் பேசத் தயங்குகிறார்கள், தன்னம்பிக்கை போதாது' என்று பதில் வரும். குறைத்துக் கொடுத்தவனை விட்டுவிட்டு, குறைத்துக் கேட்டவளைக் குற்றவாளியாக்கும் பதில் இது.

அமெரிக்காவின் ஹயர்டு என்ற வேலைவாய்ப்புத் தளத்தில், பொறியாளர்கள் தாங்கள் எதிர்பார்க்கும் சம்பளத்தை முதலில் குறிப்பிட வேண்டியிருந்தது. அந்தத் தரவுகளை ஆராய்ந்து பொருளாதார அறிஞர் நீனா ரூசில் 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒத்த தகுதியும் அனுபவமும் இருந்தும் பெண்கள் 2.9 சதவீதம் குறைவாகக் கேட்டிருந்தார்கள். நிறுவனங்கள் அவர்களுக்குத் தர முன்வந்ததும் 2.2 சதவீதம் குறைவு. 2018இன் நடுவில், காலியாக இருந்த அந்தக் கட்டத்தில், ஒத்த தகுதியுள்ளவர்களுக்கு நிறுவனங்கள் தர முன்வரும் இடைநிலைத் தொகையைத் தளமே நிரப்பிக் காட்டத் தொடங்கியது. இரண்டு இடைவெளிகளும் மறைந்துபோயின. கூடுதலாகக் கேட்டதால் பெண்களுக்கு வந்த அழைப்புகளும் குறையவில்லை.

யாரும் அவர்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. சந்தை நிலவரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆய்வு சாதியைப் பற்றியதல்ல. ஆனால், சாதியை ஒதுக்கிவிட்டு அதை இங்கே வாசிக்க ஆய்வு மாணவியான என்னால் முடியவில்லை. இங்கே சந்தை நிலவரம் யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் சித்தப்பாவும், பெரிய கம்பெனியில் மேனேஜராக மாமா மகனும் இருப்பவர்களுக்குத் தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரியான தலித் பெண் யாரிடம் கேட்பாள்? சோழிங்கநல்லூர் நேர்காணலில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று ஹெச்.ஆர். கேட்கும்போது அவளிடம் இருப்பது பழைய சம்பளச் சீட்டு மட்டுமே. அதையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஏதோ கொஞ்சம் போட்டுத் தருகிறார்கள். முதல் வேலையில் விழுந்த பள்ளம் அடுத்த வேலைக்கும் கூடவே வருகிறது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 39ஆவது உறுப்பு. 1976இல் சம ஊதியச் சட்டமும் வந்தது. பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளமே தெரியாதவள் எதை வைத்து வழக்குப் போடுவாள்? விண்ணப்பிப்பவருக்கு ஊதிய வரம்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி செய்தது. இங்கும் அதைக் கோர வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தோழர்களே, உள்ளே போய்விட்ட நாம் நம் சம்பளத்தை வெளிப்படையாகச் சொல்வோம், வேலை தேடும் தங்கைகளிடம் முதலில் சொல்வோம். சம்பளத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள், அவர்கள் வீட்டுக் கூடத்தில் அதைத் தலைமுறைகளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.