எஞ்சிய குடலையாவது காப்பாற்றுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருந்த ஒரு பெண்ணுக்காக எழுதப்படும் மடல் இது. அவருடைய தம்பி கொடுத்த மனுக்கள் திங்கள்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்திலும் தங்கள் துறையிலும் பதிவாகியுள்ளன. ரசீது வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் ஊரறிய எழுத வேண்டியதாயிற்று.

சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்து வாட்ட, கடன் வாங்கி ஒரு தனியார் மருத்துவமனையில் எடையைக் குறைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் அவர். எடை குறைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி வந்து வந்து போனது. போன இடத்திலெல்லாம் கேஸ் ட்ரபுள் என்று மாத்திரை எழுதித் தந்தார்கள்.

பைபாஸில் குடலை வெட்டி இடம்மாற்றித் தைக்கும்போது, குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உண்டாகின்றன. உடல் இளைக்க இளைக்க அங்குள்ள கொழுப்பு கரைந்து அவை அகலும். சிறுகுடல் அதற்குள் நழுவி முறுக்கிக்கொண்டால், ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். ஸ்வீடனில் 12 மருத்துவமனைகளில் சுமார் 2,500 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் 'லான்செட்' இதழில் வெளியானது. முதல் அறுவை சிகிச்சையிலேயே இடைவெளிகளை மூடிவிட்டால், குடல் அடைப்புக்காக மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி அறுவை சிகிச்சை செய்ய நேர்வது 10.2 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைகிறது என்றது அந்த ஆய்வு. இந்தப் பெண்ணுக்கு மூடினார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசியில் அவருடைய குடல் அப்படித்தான் முறுக்கிக்கொண்டது. அரசு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது குடலின் பெரும்பகுதி கறுத்துப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில், உணவு போகும் வழியில் மிஞ்சியது ஒரு மீட்டர்கூட இல்லை. மொத்தம் இரண்டு மீட்டருக்குக் கீழே போனாலே அது குறுங்குடல் நோய்.

வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்தது பைபாஸ் நோயாளிக்கான பழைய உணவுத் தாள். சர்க்கரை கூடாது, உப்பைக் குறை, தண்ணீர் நிறையக் குடி. குறுங்குடல்காரருக்கு இது நேர்மாறான யோசனை. வெறும் தண்ணீர் உடலின் உப்பைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்காகக் கொட்டிவிடும். குடிக்கக் குடிக்க உடம்பு வறளும். அவருக்குத் தேவைப்பட்டது உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த கரைசல். தாளில் இருந்தபடியே தவறாமல் நடந்த அந்தப் பெண், சிறுநீரகம் செயலிழக்கும் நிலையில் திரும்பி வந்தார்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பைபாஸில் ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பையும், முன்சிறுகுடலும், அதை அடுத்த அரை மீட்டர் குடலும் அவர் வயிற்றில் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. இரும்பும் கால்சியமும் பெருமளவில் உறிஞ்சப்படும் பகுதி அது. உணவு மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. பைபாஸைப் பிரித்துப் பழையபடி இணைத்தால் உறிஞ்சும் பரப்பு கூடும், உணவு இரைப்பையில் தங்கி மெதுவாக இறங்கும். வெளிநாடுகளில் குடல் மறுவாழ்வு மையங்கள் இத்தகைய நோயாளிகளுக்கு இதைச் செய்துவருகின்றன. இங்கே தம்பி கேட்டபோது, குடலை வெட்டியது நாங்கள் இல்லை என்றது தனியார் மருத்துவமனை. பைபாஸ் செய்தவர்களிடமே போங்கள் என்றது அரசு மருத்துவமனை. ஒரே வயிற்றை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியையும் கைவிட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்று, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர் விலையில் வந்த, குறுங்குடல் நோய்க்கான டெடுகுளுடைட் ஊசியை இவர்கள் கேட்கவில்லை. ரத்தக்குழாய் வழியாகவே முழு ஊட்டத்தையும் கொடுத்து உயிர் காக்க முடியும் என்று மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் ஃபிலடெல்பியாவில் நிரூபித்தது 1960களில். வீட்டிலேயே இரவில் அதை ஏற்றிக்கொள்ளும் முறை 1970களிலேயே வந்துவிட்டது. இந்தப் பெண்ணின் உயிரும் இப்போது அந்த ஊட்டத்தில்தான் ஓடுகிறது. அதை வீட்டில் ஏற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுக்க ஆளில்லாததால் அவர் வார்டிலேயே கிடக்கிறார். காப்பீட்டுப் பணம் தீர்ந்துவிட்டது.

நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? அந்த மனுக்களில் ஒன்றையாவது படித்தீர்களா? ஒரு பெண் வார்டில் கிடந்து உருகுவது, உங்கள் மேசையில் ஒரு கோப்பு எண்ணாக மட்டும் இருப்பது அநீதி. அறுவை சிகிச்சை நிபுணர், இரைப்பை குடல் மருத்துவர், உணவியலாளர் மூவரையும் அவருடைய கட்டிலருகே ஒன்றாக நிறுத்துங்கள். பைபாஸைப் பிரிக்க முடியுமா, முடியாதா என்று எழுத்தில் பதில் கொடுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், உங்கள் கையெழுத்து போதும். இந்த வாரமே போடுங்கள்.