கத்தரிக்கோலும் கருணையும்

சிறுகதை என்றால் சுருக்கம் என்று சாதிக்கும் ஒரு கட்சி இருக்கிறது. சொல்லைக் குறைத்தால் கலை கூடும் என்பது அவர்கள் சித்தாந்தம். தங்கள் வாதத்துக்கு அவர்கள் தவறாமல் சாட்சிக்கு அழைக்கும் பெயர் ரேமண்ட் கார்வர். அந்தச் சாட்சியை முழுதாக விசாரித்தால் வழக்கு அவர்களுக்குச் சாதகமாக முடியாது என்பதே என் கட்சி.

கார்வர் 1938-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மர ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். குடித்துச் சீரழிந்தார். 1977-ல் குடியை விட்டார். 1988-ல், ஐம்பதாவது வயதில், காலமானார். வேலை போனவர்கள், கடன்பட்டவர்கள், தாம்பத்தியம் முறிந்தவர்கள், இவர்களே அவருடைய மனிதர்கள். அவர்கள் பேசுகிற எளிய பாஷையே அவருடைய பாஷை.

1981-ல் வெளிவந்த, 'காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்' என்று தமிழில் சொல்லத்தக்க தொகுதிதான் அவரைப் பிரபலமாக்கியது. முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி முடியும் கதைகள். விமரிசகர்கள் அதற்கு 'மினிமலிசம்' என்று நாமகரணம் செய்தார்கள்.

அந்தக் கத்தரிக்கோல் கார்வருடைய கையில் இருக்கவில்லை. பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் கையெழுத்துப் பிரதியைப் பாதியளவுக்கு வெட்டினார்; முடிவுகளை மாற்றினார்; தலைப்புகளையும் மாற்றினார். 1980 ஜூலையில், புத்தகத்தை நிறுத்திவிடும்படி கார்வர் அவருக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். புத்தகம் நிற்கவில்லை. மூலப் பிரதி 'பிகினர்ஸ்' என்ற பெயரில் அச்சேறியது 2009-ல். ஆசிரியர் மறைந்து இருபத்தொரு வருஷங்களுக்குப் பிறகு.

ஒரு கதையைப் பாருங்கள். மகனின் பிறந்தநாளுக்கு ஒரு தாய் கேக் சொல்லி வைக்கிறாள். அந்த நாளில் பையன் மோட்டாரில் அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறான். கேக் வாங்க ஆள் வராத கோபத்தில் ரொட்டிக்கடைக்காரன் வீட்டுக்கு டெலிபோன் செய்துகொண்டே இருக்கிறான். 'தி பாத்' என்ற வெட்டுண்ட வடிவத்தில் டெலிபோன் அடிக்கிறது, கதை முடிந்துவிடுகிறது. பையன் பிழைத்தானா என்பதுகூடத் தெரியாது.

கார்வர் எழுதியது அதுவல்ல. பையன் இறந்துபோகிறான். பெற்றோர் ஆத்திரத்தோடு நடுராத்திரியில் கடைக்குப் போகிறார்கள். விஷயம் தெரிந்த கடைக்காரன் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்கிறான். அவர்களை உட்காரவைத்துச் சுடச்சுட ரொட்டி கொடுக்கிறான். பிள்ளையில்லாத தன் தனிமையைச் சொல்கிறான். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"சுருக்கியதனால்தானே கார்வர் பிரபலமானார்?" என்று கேட்பார்கள். லிஷ் கூர்மையான வாசகர். மிகையான வாக்கியங்களை அவர் களைந்த இடங்களும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் களை பறிக்க வந்தவர் பயிரையும் பிடுங்கினால், வயல் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டுவதா? டெலிபோன் மணியோடு நிற்கும் கதை நம்மைத் திடுக்கிட வைக்கிறது. அவ்வளவுதான் அதனால் முடியும். துக்கத்தில் இருப்பவனுக்கு இன்னொரு மனிதன் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி ரொட்டிக்கடையில்தான் பிறக்கிறது. அந்தக் கேள்விக்காகத்தான் கார்வர் கதையே எழுதினார்.

நெஞ்சு நெகிழ்ந்தால் அசட்டு உருக்கம், விறைத்துக் கிடந்தால் கலை என்ற கணக்கு எப்போது ஏற்பட்டதோ! ஈரத்தை மறைப்பது உத்தியாக இருக்கலாம். ஈரமே இல்லாமல் செய்வது உத்தி அல்ல, வறட்சி.

இதில் ஆசிரியரே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். 1983-ல் வந்த 'கதீட்ரல்' தொகுதியில் அந்தக் கதையை 'எ ஸ்மால், குட் திங்' என்ற பெயரில், சாவும் ரொட்டியும் மன்னிப்புமாகத் திரும்பச் சேர்த்தார். அதே வருஷம் ஓ. ஹென்றி பரிசுகளில் முதலிடம் அதற்குக் கிடைத்தது. பரிசை விடுங்கள். இரண்டு வடிவங்களும் அச்சில் இருக்கின்றன. ஒரே மாலையில் இரண்டையும் படித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் எது உங்களோடு எழுந்திருக்கிறதோ, அதுவே கார்வர் எழுதிய கதை.