நம்மவர் படைப்பில் குறை சொல்லலாமா?

நம் தீவில் கலைவிழா முடிந்ததும் மேடையேறிப் பேசுகிறவர்கள் அனைவரும் "மிகச் சிறப்பாக இருந்தது" என்றே சொல்கிறோம். நாடகம் இழுத்தாலும், பாட்டில் சுருதி விலகினாலும், நம் பிள்ளைகள்தானே என்று கைதட்டி விடுகிறோம். குறை சொன்னால் அடுத்த ஆண்டு மேடையேற ஆளிருக்காது என்ற அச்சமும் உண்டு. இந்த வழக்கம் சரிதானா என்று என்னை யோசிக்க வைத்தது ஒரு வீடியோ கேம் என்றால் அன்பர்கள் சிரிக்கக்கூடும்.

"ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்" என்பது அதன் பெயர். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. 2017இல் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள், சேரவில்லை. ஆனாலும் விடாமல் முடித்து 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்டார்கள். சென்னையிலிருந்து நமக்கு வந்த சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது அதற்கு எட்டு நாள் முன்புதான்! அதுவரை செயற்கைக்கோளை நம்பிக் கிடந்த அபர்டீன் பஜாரில் இத்தகைய விளையாட்டை இறக்குவது எவ்வளவு பாடு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள் அக்கா ராஜி. அவள் சர்க்கஸ்காரப் பெண். ஆகவே சுவர்மீது ஓடுவதும், தூணைப் பற்றிச் சுழன்று எதிரிமேல் பாய்வதும் அவளுக்குப் பொருந்துகிறது. தடைகளைத் தாவிக் கடந்து ஓடும் இந்தக் கலை பிரான்சில் வளர்ந்தது, பார்க்கூர் என்பார்கள். துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொள்வது போலக் கதை நகர்கிறது. இடையிடையே நிழற்பாவைக் கூத்து வேறு. சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் தோல்பாவை பார்த்தவர்களுக்கு நெஞ்சு நிறையும்.

உலக விமர்சகர்கள் இந்த அழகையும் இசையையும் மனமாரப் பாராட்டினார்கள். அத்தோடு நிற்கவில்லை. சண்டையில் துல்லியம் போதாது, சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, முடிவும் பாதியில் அறுந்தது போலிருக்கிறது என்றும் எழுதினார்கள். அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பட்டியலில் இடம் கிடைத்தது. பரிசு பாஸ்மோபோபியா என்ற விளையாட்டுக்குப் போயிற்று. இந்தியாவிலிருந்து வந்ததே என்று யாரும் சலுகை காட்டவில்லை. அதைத்தான் நான் மரியாதை என்கிறேன்.

எங்கள் வீட்டில் அண்ணன் மகன் விளையாடியபோது அருகில் அமர்ந்து பார்த்தேன். "சித்தப்பா, கதை முடியவே இல்லையே!" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. முதுகைத் தட்டிக்கொடுப்பவர்கள் மட்டுமே சூழ்ந்திருந்தால் இக்குறை படைத்தவர் காதுக்கு எட்டியிருக்குமா? 2022இல் மேம்படுத்திய பதிப்பு வந்தது. சண்டைகளைச் சீர்செய்து, இந்திக் குரலும் சேர்த்திருந்தார்கள்.

அடுத்த விழா நாடகத்துக்கு இவ்விதழில் விமர்சனம் எழுத நான் தயார். ஆசிரியர் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். நடித்த பிள்ளைகள் எனக்குப் பதில் எழுத அடுத்த பக்கத்தையும் ஒதுக்கட்டும்.