பந்தயக் காருக்குப் பணம் உண்டு, பாட்டாளிக்கு இல்லையாம்!

பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ஃபாரஸ்ட் என்று ஒரு பகுதி. அங்கே எழுபது வருஷத்துக்கு மேலாக மோட்டார் கார் செய்துவந்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. கடைசிக் காலத்தில் அது ஜெர்மனியின் ஆடி கார்க் கம்பெனியின் கையில் இருந்தது. 2025 பிப்ரவரி 28ந் தேதி அதன் கதவு மூடப்பட்டது. சுமார் 3,000 தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

ஏன் மூடினார்கள்? நிர்வாகம் சொன்ன பதில் நம் ஊர் ஆலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. செய்கிற காருக்குக் கிராக்கி குறைந்துவிட்டதாம். அந்த இடத்தில் தொழில் நடத்துவது கட்டுபடியாகவில்லையாம்.

சரி, கையில் காசில்லாத கம்பெனியா இது? பார்ப்போம்.

ஆலையை மூடவேண்டி வரலாம் என்று நிர்வாகம் வாய் திறந்தது 2024 ஜூலையில். அதற்கு நான்கே மாதம் முன்பு, மார்ச்சில், அதே ஆடி கம்பெனி வேறொரு அறிவிப்புச் செய்தது. ஸ்விட்ஜர்லாந்தின் ஹின்வில் என்ற ஊரில் உள்ள சாபர் என்னும் பந்தயக் கார் அணியை நூற்றுக்கு நூறு தானே வாங்கிக்கொள்ளப் போவதாகவும், 2026 முதல் உலகத்தின் முதல்தரக் கார்ப் பந்தயமான பார்முலா-1ல் தன் பெயரில் கார் ஓடும் என்றும் சொன்னது.

மார்ச்சில் பந்தய அணி வாங்கப் பணம் இருந்தது. ஜூலையில் தொழிலாளிக்கு வேலை கொடுக்கக் கட்டுபடியாகவில்லை!

இது ஆடியோடு நிற்கவில்லை. ஆடிக்குத் தாய்க் கம்பெனி வோக்ஸ்வேகன். 2030க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகளுக்கு மேல் குறைப்பதாக 2024 டிசம்பரில் அது முடிவு செய்தது. 2029க்குள் 7,500 வேலைகள் வரை குறைப்பதாக 2025 மார்ச்சில் ஆடி அறிவித்தது. இதே வோக்ஸ்வேகன் 2023ஆம் வருஷக் கணக்குக்காகப் பங்குதாரர்களுக்குக் கொடுத்த டிவிடெண்டு சுமார் 450 கோடி யூரோ. பங்குக்காரனுக்குக் கிராக்கி குறையவில்லை.

இது என்ன பந்தயம்?

வயலிலும் ஆலையிலும் பாடுபடும் நம் தோழர்கள் பலர் இந்தப் பந்தயத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். ரேக்ளா பந்தயம் பார்த்திருப்பார்கள். பந்தய மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அளந்து வைக்கிற பண்ணையார், உழவு மாட்டுக்கு வைக்கோலைக் காட்டுவதையும், அறுப்புக் கூலியில் மரக்காலைச் சுருக்குவதையும் பார்த்திருப்பார்கள். இதுவும் அந்த வகைதான்; அளவுதான் பெரிது.

1950லிருந்து உலகச் சாம்பியன் பட்டத்துக்காக இந்தப் பந்தயம் நடக்கிறது. இப்போது வருஷத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட பந்தயங்கள். ஒரு அணிக்கு இரண்டு கார். இந்த இரண்டு காருக்காக ஒரு அணி ஒரு வருஷத்தில் எவ்வளவு செலவு செய்யலாம் என்று 2021ல் ஒரு வரம்பு போட்டார்கள். அந்த வரம்பு 14 கோடியே 50 லட்சம் டாலர். 2026க்கு அதை 21 கோடியே 50 லட்சம் டாலராக ஏற்றியிருக்கிறார்கள்.

வரம்பு என்றால் சிக்கனம் என்று நினைத்துவிடவேண்டாம். கார் ஓட்டும் நட்சத்திரங்களின் சம்பளம் வரம்புக்கு வெளியே. அணியில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பேரின் சம்பளம் வரம்புக்கு வெளியே. விளம்பரச் செலவும் வெளியே. உள்ளே இருப்பது யார்? திருகாணி முடுக்குகிறவன், உலோகம் கடைகிறவன், படம் வரைகிறவன். வரம்பு எட்டுகிறது என்றால் கத்தி எந்தக் கழுத்தில் விழும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

வருவதும் போவதும்

கார் முதலாளிகள் பந்தய அணிகளை வாங்குவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. பழைய கணக்கைப் புரட்டினால் பாடம் கிடைக்கும்.

அமெரிக்காவின் போர்டு கம்பெனி 1999ல் ஸ்டூவர்ட் என்ற அணியை வாங்கி, தன் வசமிருந்த ஜாகுவார் கம்பெனியின் பெயரை அதற்குச் சூட்டியது. ஐந்து வருஷம் ஓட்டியது. ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை. 2004 செப்டம்பரில் பந்தயத்தை விட்டுவிடுவதாக அறிவித்தது. அதே நாளில், இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரிலுள்ள பிரவுன்ஸ் லேன் ஜாகுவார் தொழிற்சாலையில் இனிக் கார் செய்வதில்லை என்றும் அறிவித்தது. பந்தய அணி ஒரு டாலருக்குக் கைமாறியது.

ஜப்பானின் ஹோண்டா ஒரு அணியை வாங்கி 2006 முதல் தன் பெயரில் நடத்தியது. 2008ல் உலகச் சந்தை சரிந்தது. டிசம்பர் 5ந் தேதி ஹோண்டா கையைக் கழுவியது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 2005ல் சாபர் அணியை வாங்கி 2009ல் விட்டுவிட்டுப் போயிற்று. எட்டு வருஷம் பணத்தைக் கொட்டியும் ஒரு பந்தயத்தில் முதலாவதாக வராத டொயோட்டாவும் 2009ல் மூட்டை கட்டியது.

பிரான்சின் ரெனால்ட் கம்பெனி கதை இன்னும் வேடிக்கை. 2000ல் பெனட்டன் அணியை 12 கோடி டாலருக்கு வாங்கியது. 2005லும் 2006லும் பட்டம் வென்றது. 2009 கடைசியில் பெரும்பங்கை விற்றது. 2015ல் கடன்களை ஏற்றுக்கொண்டு, விலை என்று பெயருக்கு ஒரு பவுன் கொடுத்து அதே அணியைத் திரும்ப வாங்கியது!

இவர்களை வரவழைத்ததும் லாபக் கணக்கு. விரட்டியதும் லாபக் கணக்கு.

விலை ஏறியது எப்படி?

ஒரு டாலருக்கும் ஒரு பவுனுக்கும் போன அணிகளை இன்று ஏன் போட்டி போட்டு வாங்குகிறார்கள்? 2017ல் இந்தப் பந்தயம் முழுவதையும் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கிக்கொண்டது. டெலிவிஷன் மூலம் உலகமெங்கும் விற்றது. வருமானத்தில் அணிகளுக்குப் பங்கு. செலவுக்கோ வரம்பு. அதோடு, புதிதாக நுழைகிறவர் பழைய அணிகளுக்கு 20 கோடி டாலர் கட்டவேண்டும் என்று 2020 ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஏகபோகம் என்பது வேறென்ன?

பலன் என்ன? பெயருக்கு ஒரு பவுன் விலை பெற்ற ரெனால்ட் அணியில், 2023ல் நூற்றுக்கு 24 பங்கு மட்டும் 20 கோடி யூரோவுக்கு விலைபோயிற்று. பந்தயக் கார் வேகமாக ஓடினாலும் ஓடாவிட்டாலும் பங்கின் விலை ஓடுகிறது! ஆடி வாங்கிய அணியிலும் கத்தார் நாட்டின் முதலீட்டு நிதி 2024 நவம்பரில் பங்கு போட்டுக்கொண்டது. நிலத்தை உழுவதற்காக வாங்காமல் விலை ஏறும் என்று வாங்கிப் போடுகிறவனை நாம் அறிவோம். இவர்கள் அவனுக்கு அண்ணன்மார்.

பந்தயக் கொட்டகைத் தொழிலாளி

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அந்தப் பந்தய அணிகளில் வேலை செய்யும் தொழிலாளர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. ஓடிவந்து நிற்கும் காரைச் சுற்றி இருபது பேர் பாய்ந்து, நான்கு சக்கரத்தையும் இரண்டு விநாடி அளவில் மாற்றி அனுப்புகிறார்கள். இரண்டு விநாடி! நாம் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். அது முதலாளியின் சாமர்த்தியம் அல்ல. உழைப்பாளியின் கை வண்ணம். அதை நாம் மதிக்கிறோம்.

அந்தக் கைக்கு முதலாளி தந்த மரியாதை என்ன? ஹோண்டா விட்டுப்போன அணியை அதன் தலைமை நிபுணர் ராஸ் பிரான் ஏற்று நடத்தினார். சுமார் 700 பேரில் 270 பேரை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. மிச்சமிருந்தவர்களோடு அந்தத் தொழிலாளர்கள் செய்துவைத்த கார் 2009ல் இரண்டு சாம்பியன் பட்டங்களையும் வென்றது. வெற்றி பெற்ற அணியை அந்த வருஷமே மெர்சிடிஸ் முதலாளிகள் வாங்கினார்கள். பட்டம் வாங்கித் தந்த காரில் கை வைத்தவர்களில் எத்தனையோ பேர் அப்போது வேலையில் இல்லை.

பாரிஸ் அருகே விரி-சாத்தியோன் என்ற ஊர். 1977 முதல் ரெனால்ட் பந்தய என்ஜின்கள் பிறந்த இடம். இனி என்ஜினை வெளியே விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், இங்கே 2025 முடிவோடு பார்முலா-1 என்ஜின் வேலை நிறுத்தம் என்று 2024 செப்டம்பரில் நிர்வாகம் முடிவு கட்டியது. வேறு வேலை தருவதாகச் சொன்னது. தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. முடிவு வருமுன்பே, ஆகஸ்டு கடைசியில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தின்போது வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தய மைதானத்துக்கே போய்க் கைப்பட்டை கட்டிப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மறைமலைநகரும் இதில் உண்டு

தூர தேசத்துச் சங்கதி என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்தியாவில் நஷ்டம் என்று சொல்லி, இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது அதே போர்டு கம்பெனி. 2022ல் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. நியாயமான நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர்கள் அந்த வருஷம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 பிப்ரவரியில் போர்டு என்ன அறிவித்தது தெரியுமா? 2026 முதல் பார்முலா-1 பந்தயத்துக்குத் திரும்புகிறோம், ரெட் புல் அணியோடு சேர்ந்து என்ஜின் செய்கிறோம் என்று! 2025ல் மறைமலைநகரில் என்ஜின் தயாரிக்கத் திரும்பி வருவதாக அரசோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. வரட்டும். நடுவில் நடுத்தெருவில் நின்ற வருஷங்களைத் தொழிலாளிக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

நாம் சொல்வது என்ன?

பந்தயத்தில் கற்கும் வித்தை நாளை சாலையில் ஓடும் காருக்கு உதவும் என்று கம்பெனிகளுக்காகப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பந்தயத்துக்குப் போகும் பணம் ஆலையைக் காப்பாற்றப் போதாது என்றும் சொல்வார்கள். இருக்கலாம். பந்தயத்தை நிறுத்தினால் மட்டும் வேலை நிலைக்கும் என்று நாமும் சொல்லவில்லை. பிரவுன்ஸ் லேனில் ஒரே நாளில் இரண்டும் போயின அல்லவா?

கேள்வி பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. தொழிலாளியின் உழைப்பில் குவிந்த பணத்தை எங்கே போடுவது என்று தீர்மானிப்பது யார் என்பதே கேள்வி. அணி வாங்குவதை நிர்வாகக் குழு நாலு சுவருக்குள் தீர்மானிக்கிறது. ஆலை மூடுவதையும் அதே நாலு சுவருக்குள் தீர்மானிக்கிறது. மூவாயிரம் குடும்பங்களுக்குக் கடைசியில் தகவல் வருகிறது.

ஆகவே தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டியது இதுதான். கட்டுபடியாகவில்லை என்று நிர்வாகம் சொன்னால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டட்டும். விளம்பரத்துக்கு எவ்வளவு, பந்தயத்துக்கு எவ்வளவு, டிவிடெண்டுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று வரிவரியாகச் சொல்லட்டும். அதைப் பார்க்காமல் ஆட்குறைப்புக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லும் பலம் சங்கத்துக்கு வரவேண்டும்.

2024 செப்டம்பரில் ஃபாரஸ்ட் தொழிலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எங்கள் கதி என்ன என்று சொல்லும்வரை தரமாட்டோம் என்று, செய்து முடித்த சுமார் 200 கார்களின் சாவிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆலை மூடுவதை அது தடுக்கவில்லை. ஆனால் ஒரு உண்மையை ஊரறியச் செய்தது. கார் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியதாக இருந்தாலும், அதைச் செய்தவன் சாவியைக் கொடுத்தால்தான் அது நகரும்.

அந்தச் சாவி தனி ஒருவன் கையில் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். எல்லோர் கையும் சேர்ந்து பிடித்தால் பிடுங்க முடியாது.