ஊர்ல சும்மாதான் இருக்கான்

ஐடி மக்கள் அடிக்கடி விடுற டயலாக் ஒண்ணு இருக்கு. ரிலீஸ் அன்னிக்கு ஏதாவது புட்டுக்கிச்சுன்னாலோ, அப்ரைசல்ல ஆப்பு விழுந்தாலோ, "பேசாம ஊருக்குப் போய் நாலு ஆடு மாடு மேய்ச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்டா". சரி, ஊர்ல நிஜமாவே ஆடு மேய்க்கிற பையனைப் பத்திக் கேட்டா என்ன சொல்றாங்க? "அவனுங்களா... வேலைக்கெல்லாம் போகலீங்க, சும்மாதான் இருக்கான்".

என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே வசவுதான். முதலாவது சிரிச்சுக்கிட்டே சொல்றது, ரெண்டாவது உச்சுக்கொட்டிச் சொல்றது. ஆடு வளர்க்க ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம், யார் வேணா எப்ப வேணா செய்யலாம்ங்கற நினைப்பு ரெண்டுக்குள்ளயும் இருக்கு.

என் சித்தப்பா பையனுக்கு வயசு 24. டிப்ளமா முடிச்சிருக்கான். காங்கேயம் பக்கம் கொறங்காடு, 60 செம்மறி, 2 மாடு. கொறங்காடு தெரியாதவங்களுக்கு: மழை கம்மியான எங்க சீமையில கொழுக்கட்டைப் புல்லும், நடுநடுவுல வெள்வேல மரமும், சுத்தி கிளுவை உயிர்வேலியுமா இருக்கற மேய்ச்சல் காடு. தண்ணி பாய்ச்ச வேண்டாம். ஆனா கணக்கில்லாம மேய விட்டா புல் வேரோட போயிடும். இந்தக் காட்டுல எத்தனை நாள் மேய்க்கலாம், எப்ப கடவைச் சாத்திட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டணும்னு புல்லைப் பார்த்து முடிவு பண்ணணும். கோடையில புல் காஞ்சா வெள்வேலங்காய்தான் ஆட்டுக்குச் சோறு. சோளம் வெதைக்கிற காட்டுல முன்னாடியே ஆட்டுப்பட்டி போட்டா புழுக்கையும் மூத்திரமும் உரம். அறுத்த சோளத்தட்டு மாட்டுக்கு. ஒண்ணு அறுந்தா அடுத்ததும் அறுந்துடற சங்கிலி இது.

பட்டிக்குள்ள இன்னும் கஷ்டம். சினைக்காலம் 5 மாசம். மழைக்கு முன்னாடி புல் இல்லாத நேரத்துல குட்டி போட்டா தாய்க்குப் பால் இருக்காது, குட்டி தேறாது. அதுக்கு ஏத்த மாதிரி கிடாயைச் சேர்க்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கிடாயை மாத்தணும், இல்லன்னா அப்பனே மகளோட சேர்ந்து வம்சம் சொத்தையாகும். மழை பேஞ்சு இளம்புல் வந்ததும் துள்ளுமாரி வரும். சாயங்காலம் வயிறு முட்ட மேய்ஞ்சு துள்ளிக்கிட்டிருந்த குட்டி காலையில செத்துக் கிடக்கும். அதுலயும் நல்லா தின்னு கொழுத்த குட்டிதான் முதல்ல போகும். மழைக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டிருக்கணும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு அது தனி. எந்த ஆட்டுக்கு எப்ப போட்டான்னு நோட்டுல தேதியோட எழுதி வெச்சிருக்கான். நம்ம புராஜெக்ட்ல இவ்வளவு ஒழுங்கா டாக்குமெண்டேஷன் நான் பார்த்ததில்லை :-)

இவ்வளவும் பண்ணி, 2025-ல ஒரே ராத்திரியில 9 ஆடு போச்சு. தெருநாய். 2024, 2025-ல காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் இதே கதைதான். விவசாயிங்க செத்த ஆட்டைத் தூக்கிட்டு வந்து ரோட்டுல உக்காந்தாங்க, அப்புறம் அரசாங்கம் நிவாரணம் அறிவிச்சுது. ஒருத்தன் கடையில தீப்பிடிச்சா துக்கம் விசாரிக்க ஊரே வரும். இவன் பட்டிக்கும் வந்தாங்க. வந்தவங்க சொன்னது: "இப்பவாச்சும் திருப்பூர் போய் ஒரு வேலையைத் தேடு சாமி". 'இப்பவாச்சும்'ங்கற அந்த ஒரு வார்த்தையை அவனால இன்னும் முழுங்க முடியல.

மறுபடி ஆடு வாங்க பேங்குக்குப் போனான். கிசான் கிரெடிட் கார்டை 2018-19 பட்ஜெட்லயே கால்நடை வளர்க்கிறவங்களுக்கும் நீட்டிச்சாச்சு. ஆனா இவன் போன இடத்துல கேட்ட முதல் கேள்வி, "சம்பள சிலிப் இருக்கா தம்பி?". எனக்கு அதே வாரம் போன் பண்ணி 'லோன் வேணுமா சார்'னு கெஞ்சினாங்க. எனக்கு மாசச் சம்பளத்தைத் தவிர வேற சொத்து கிடையாது. அவன்கிட்ட அம்பது உருப்படி குட்டி போட்டுக்கிட்டு நிக்குது!

கல்யாணப் பேச்சு எடுத்தாலும் இதுதான். மூணு இடம் தட்டிப் போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்களைத் திட்ட எனக்கு மனசு வரல. பால் கறக்கிறது, சாணி வழிக்கிறது, தாயில்லாக் குட்டிக்குப் புட்டியில பால் ஊட்டறதுன்னு பட்டி வேலையில பாதியை எங்க சித்திதான் பார்க்கறாங்க. கேட்டா, 'வீட்டுலதான் இருக்கறாங்க'ம்போம். பையனாவது 24 வயசுல 'சும்மா' இருக்கான், சித்தி முப்பது வருஷமா 'சும்மா' இருக்காங்க! இந்தக் கணக்கு பொண்ணைப் பெத்தவங்களுக்கு நம்மளைவிட நல்லாவே தெரியும்.

2017-ல நாட்டு மாட்டுக்காக மெரினாவுல கூட்டம் நின்னுது, ஓஎம்ஆர்-ல ஐடி மக்களும் நின்னாங்க. நல்ல விஷயம்தான். ஆனா காங்கேயம் காளைக்குக் கொடுத்த மரியாதையில கால்வாசியாவது அதைக் கையில புடிச்சிருக்கவனுக்குக் கொடுத்தோமா? காளை படத்தை டீ-ஷர்ட்டுல போட்டுக்கிறவன் வீட்டுலயே, மாடு வளர்க்கிற பையனுக்குப் பொண்ணு தர மாட்டாங்க.

ஆடு வளர்த்தா லட்சம் லட்சமா கொட்டும்னு நான் சொல்ல வரல. யூடியூப்ல அதைச் சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, அதை நம்பி இறங்கிக் கையைச் சுட்டுக்கிட்டவங்களும் இருக்காங்க. நட்டம் வர்ற தொழில்தான். ஆனா தொழில். நட்டத்துல இருக்கற கம்பெனியில வேலை பார்க்கிறவனை யாரும் 'சும்மா இருக்கான்'னு சொல்றதில்லையே? ஊர்ல இருக்கற இளவட்டம் காட்டை விட்டுப் போறதுக்கு மழையும் விலையும் காரணம், ஒத்துக்கறேன். இந்த 'சும்மா'வுக்கும் அதுல பெரிய பங்கு இருக்கு. மழையை நம்மளால கொண்டுவர முடியாது. இந்த வார்த்தையை நிறுத்தலாம், காசு செலவில்லை.

தம்பி என்ன பண்றான்னு இப்ப யாராவது கேட்டா, "ஆடு வளர்க்கறானுங்க"ன்னு சொல்றேன். "அப்புறம்?"னு கேக்கறாங்க. அப்புறம் ஒண்ணுமில்லீங்க, அதுவே முழுநேர வேலைதான்.

பி.கு: 'நானும் பேப்பர் போட்டுட்டு ஆடு வளர்க்கப் போறேன்'னு பின்னூட்டம் போடப் போற புண்ணியவான்களே, முதல்ல ஐப்பசி மழையில ஒரு வாரம் லீவு போட்டு வந்து பட்டியில படுத்துப் பாருங்க. கொசுவத்தி என் செலவு :-)